சென்றி இல்லாத பாதை

வவுனியாவில் ஆட்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திரிந்த 2008ஆம் ஆண்டில், யூட்சனுக்குத் தன் ரேட்டிங் ஏறவில்லை என்பதுதான் பெரிய கவலை. இணையத்தில் நடக்கும் புரோகிராமிங் போட்டிகளில் அவன் 1430இலேயே குந்தியிருந்தான். 1500ஐத் தாண்டினால் நேர்முகத்துக்குக் கூப்பிடுவதாகக் கொழும்புக் கம்பனி ஒன்று எழுதியிருந்தது. புலிகளின் பகுதியான முல்லைத்தீவின் அடையாள அட்டையோடு, ஆமியின் பிடியிலிருந்த பூவரசங்குளத்தில் இருக்கிறவனுக்கு அது வேலை மட்டுமல்ல, தப்பிப்போக ஒரு வழி.

ஒவ்வொரு முறையும் அவனைக் கவிழ்த்தது ஒரே வகைக் கணக்கு. பல இடங்கள், பல பாதைகள். எதால் போனால் நேரம் குறைவு? புத்தகத்து உதாரணங்கள் மண்டையில் ஏறவில்லை. ஆகவே தெரிந்த ஒழுங்கைகளையே கொப்பியில் கீறினான். இங்கே தூரத்தை யார் பார்க்கிறார்கள்? ஆமியின் சோதனைச் சாவடிகளான சென்றிகளில் மறிபடும் நேரம்தான் பயணம். ஒவ்வொரு சென்றிக்கும் நிமிடம் போட்டான்: ஆறு, இருபது, முப்பத்தைந்து. வீட்டிலிருந்து டவுனுக்கு விடையாக வந்த பாதையைச் சிவப்பு மையால் இழுத்தான்.

அதைப் பார்த்த சின்னம்மா புனிதமலர் கதவைச் சாத்தினாள்.

“உதை அடுப்புக்குள்ள போடடா. ஆமிக்காரங்கள் பிடிச்சாங்களெண்டா என்ன சொல்லுவாய்?”

“கணக்கெண்டு சொல்லுவன். போட்டி முடிய நானே எரிக்கிறன், சின்னம்மா.”

எரித்திருக்கலாம். ஆனால் செய்முறை முழுக்க அந்தத் தாள்களில்தான் இருந்தது. சனிக்கிழமை பின்னேரம் கொப்பியோடுதான் டவுனுக்குப் போனான். இன்டர்நெற் கடையில் எழுதிய போட்டியில் அதே வகைக் கணக்கு வந்தது. இருபது நிமிடத்தில் முடித்தான். அரை மணி நேரம் காத்திருந்து பார்த்தால் 1512! சத்தம் போட்டுச் சிரித்தே விட்டான், பாவிப்பயல்.

சைக்கிளில் வழமையான வீதியால் திரும்பும்போது மூன்றாவது சென்றியில் பையைக் கொட்டச் சொன்னார்கள். தமிழ் தெரிந்த அதிகாரி கொப்பியை எடுத்து ஆறுதலாகப் புரட்டினார்.

“இது என்ன?”

“கணக்கு, சேர். கொம்பியூட்டர் போட்டிக்கு.”

அதிகாரியின் விரல் சிவப்புக் கோட்டிலேயே மெல்ல நகர்ந்து டவுனில் வந்து நின்றது.

“இந்தப் பாதையில எங்கட சென்றி ஒண்டுமே இல்லை. இதை யார் உனக்குக் காட்டினது?”

எந்தப் பெயரைச் சொன்னாலும் அந்த ஆள் தொலைந்தான். உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று யூட்சன் நம்பினான்.

“ஒருத்தரும் இல்லை, சேர். நானே கண்டுபிடிச்சனான்.”

அதிகாரி கொப்பியை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். சைக்கிளை மதிலோரம் சாத்திவிட்டு உள்ளே வரச் சொன்னார்.