சாம்பிராணி போட்ட வான்

நீர்வேலிப் பரமலிங்கத்தார் வாழைத்தோட்டக்காரர். தன் பழைய வான் வண்டிக்குள் கட்டில், அலுமாரி, காஸ் அடுப்பு எல்லாம் பூட்டி அதை ஒரு வீடாகவே ஆக்கிவிட்டார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு லண்டனிலிருந்து மகள் பிரசாந்தி தன் இரண்டு பிள்ளைகளோடு அன்று பின்னேரம் வருகிறாள். இரவு கசூரினாக் கடற்கரையில், அந்த வானுக்குள்தான் மூன்று பேருக்கும் படுக்கை. அப்படிப்பட்ட வானை மனுசன் என்ன செய்தார்? முந்தநாள் சந்தைப் பக்கம் போகும்போது, வெறும் வானை ஓட்டுவானேன் என்று பன்னிரண்டு வாழைக்குலை ஏற்றினார். அதில் நாலு, அடுப்புக்கு மேல்.

அச்சுவேலியில் காஸ் அடுப்புத் திருத்துகிற கடை என்னுடையது. பெயர்ப் பலகையில் நிரோஜினி என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன். அப்படியிருந்தும் வருகிறவர்களில் பாதிப்பேர் "திருத்துற ஆள் இல்லையோ?" என்று என்னிடமே கேட்பார்கள். பரமலிங்கத்தாரும் கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

"பத்து இருபதிலை இருந்து பதினொரு மணிமட்டும் நல்ல நேரம், பிள்ளை. அதுக்குள்ளை பால் காய்ச்ச வேணும். மேலாலை துடைச்சுப்போட்டுப் பத்தவைச்சுத் தாரும்."

"வானுக்கு ஆரய்யா பால் காய்ச்சிறது?"

"அடுப்பு இருக்கெல்லோ? அடுப்பு இருந்தால் வீடுதானே."

வானின் பக்கக் கதவு முழுதாக மூடாது. நாலு விரல் இடைவெளி எப்போதும் கிடக்கும். "உந்தக் கதவையும் மகள் வரமுந்தித் திருத்திப்போடுவன். கண்டால் சிரிப்பாள்" என்றார். உள்ளே கோயில் மூலஸ்தானம் போல ஒரே சாம்பிராணி மணம். புதுவீட்டுக் குடிபூரல் சடங்குக்குப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சிலிண்டர் திறந்தபடி கிடந்தது. மூடினேன். கதவுகளையெல்லாம் அகலத் திறந்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். அடுப்பின் கண்ணாடி மூடி வெடிப்பு விட்டிருந்தது. நெருப்பைக் கூட்டிக் குறைக்கிற திருகு ஒன்று உடைந்து தொங்கியது. அடுப்பு முழுக்க, குலைக்காம்பில் வடிந்த வாழைக்கயர் கறுத்து ஒட்டிப்போய், சவர்க்காரத்துக்கு மசியவில்லை. தேங்காயெண்ணெய் பூசி ஊறவிட்டுத் தேய்த்தேன். நெருப்பு வருகிற துளைகளை ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தித் துடைத்து, புதுத் திருகு பூட்டினேன். பரமலிங்கத்தார் வாசலில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தபடியே இருந்தார்.

"பத்து முப்பது பிள்ளை! இன்னும் என்ன?"

"கசிவு பாக்க வேணும் ஐயா."

"பாத்தால் தெரியாதோ? புது அடுப்பு மாதிரி மினுங்குது."

மினுக்கத்தைப் பார்த்தா காஸ் வருகிறது? அடுப்புத் திருகுகளை மூடி, சிலிண்டரைத் திறந்து, சவர்க்கார நுரையைத் தூரிகையால் பொருத்துகளில் பூசிக்கொண்டு போனேன். அடுப்புப் பொருத்தில் ஒன்றுமில்லை. சிலிண்டர் வாயிலும் ஒன்றுமில்லை. அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டுப் பூசினேன். பளக் பளக்கென்று குமிழ் கிளம்பியது. குலைகளின் பாரத்தில் அடுப்பைத் தாங்கும் தகடு வளைந்து ரப்பர் குழாயை வெட்டியிருந்தது. சட்டென்று சிலிண்டரை மூடிவிட்டுத் திரும்புகிறேன், பரமலிங்கத்தாரின் மனைவி பாலேஸ்வரி அம்மா தணல் கனகனக்கச் சாம்பிராணித் தட்டோடு படியில் கால் வைக்கிறார்.

"ஐயோ! வெளியிலை போங்கோ!" நான் போட்ட சத்தத்தில் அவர் தட்டோடு முற்றத்துக்கு ஓடினார்.

"ஏன் பிள்ளை கத்துறாய்? முந்தநாளிலை இருந்து உதுக்குள்ளை ஒரு கூழ்முட்டை மணம். ஆற்றையோ கண் பட்டிட்டுது எண்டு, நல்ல நேரம் பாத்து மூண்டு தரம் சாம்பிராணி காட்டினனான். மணம் போயிட்டுது."

"அது கண்ணூறில்லை அம்மா, காஸ்! கசிஞ்சால் தெரியவேணும் எண்டுதான் அந்த நாத்தத்தைக் கலந்து விடுறவங்கள். நீங்கள் அதை மறைச்சுப்போட்டு, தணலையும் கொண்டு போயிருக்கிறியள். அந்தக் கதவு முழுக்க மூடாதபடியாலை காஸ் கீழாலை வெளியிலை போயிருக்கு. இல்லாட்டி உங்களைப் பொறுக்கி எடுத்திருக்க வேணும்."

பாலேஸ்வரி அம்மா அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். "பிள்ளையள் இண்டைக்கு உதுக்குள்ளை படுக்குங்களே…" என்றார்.

நல்ல நேரத்தை விட மனமில்லாமல் பரமலிங்கத்தார் முற்றத்தில் மூன்று கல் வைத்து, விறகில் பால் காய்ச்சி வானுக்குக் காட்டினார். நான் கடைக்கு ஓடிப்போய்ப் புதுக் குழாய் கொண்டுவந்து பூட்டினேன். தகட்டை நிமிர்த்தி, குழாய் போகிற இடத்துக்கு ரப்பர் வளையமும் போட்டேன். திரும்பவும் நுரை பூசினேன். ஒரு குமிழ்கூட இல்லை.

"இனிப் பத்தவைச்சுப் பாக்க வேணும்" என்றேன்.

பரமலிங்கத்தார் மணிக்கூட்டைப் பார்த்தார். பன்னிரண்டு இருபது. புதன்கிழமை. "ராகு காலம், பிள்ளை. ஒண்டரைக்குப் பிறகு பாப்பம்."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. நான் வாய் திறக்க முன்னம் பாலேஸ்வரி அம்மா எழும்பி வந்து, என் கையிலிருந்த நெருப்புப்பெட்டியை வாங்கினார்.

"மூண்டு தரம் நல்ல நேரம் பாத்துத்தான் உதுக்குள்ளை நெருப்புக் கொண்டு போனனான். தள்ளி நில்லுங்கோ."

குச்சியைக் கிழித்தார். அடுப்பு நீலமாக, ஒரே சீராக எரிந்தது.

பரமலிங்கத்தார் வானின் பக்கக் கதவை இழுத்துப் பார்த்தார். நாலு விரல் இடைவெளியில் அது நின்றுகொண்டது.

"உது உப்பிடியே கிடக்கட்டும்" என்றார்.