மூன்று மிதி

வைகறையின் முதல் வெளிச்சம் கீழ்வானில் கசியும் வேளையில் போடிமெட்டின் உச்சியில் நின்று கிழக்கே நோக்குவார்க்கு, கீழே பரந்த நிலம் முழுவதும் மூடுபனியில் ஆழ்ந்து, ஊர்களும் தோப்புகளும் வயல்களும் இருந்த இடமே தெரியாமல் ஒரு வெண்கடலாய்க் கிடக்கும். மேற்கே திரும்பினால், வானளாவிய நிழன்மரங்களின் கீழ், ஈரம் சொட்டும் நீள் இலைகளை விரித்து நிற்கும் ஏலத்தோட்டங்கள், காயுலர்த்தும் கூடங்களிலிருந்து எழும் இனிய மணத்தைக் காற்றில் கலந்துகொண்டிருக்கும். இவ்விரண்டையும் இணைத்து, அவிழ்த்தெறிந்த தலைப்பாகைத் துணி படிக்கட்டில் விழுந்து மடிந்து மடிந்து கிடப்பதைப் போல இறங்குகிறது மலைச்சாலை. ஒருபுறம் பாறை, மறுபுறம் வெறுங்காற்று. கற்றறிந்த நண்பரே, இச்சாலையில்தான், இடுக்கி தனி மாவட்டமாகி ஓரிரண்டு ஆண்டே கழிந்திருந்த காலத்தில், சுவக்கீன் என்னும் வண்டியோட்டிக்கு அவனுடைய வலக்காலே பகையாய் முளைத்தது.

சுவக்கீன் நாற்பதைக் கடந்தவன், சொல் குறைந்தவன், மெட்டுக்கு மேற்கே ஏலத்தோட்டம் வைத்திருந்த காளிச்சாமி என்னும் போடி நகரத்துச் செல்வரிடம் இளமை தொட்டே வண்டியோட்டி வந்தவன். விடியுமுன் மலையிறங்கி, அடிவாரத்தில் காத்திருக்கும் காய்பறிக்கும் பெண்டிரை ஏற்றிக்கொண்டு மேலேறுவதும், மாலையில் அவர்களைக் கீழே கொண்டு சேர்ப்பதும் அவன் தொழில். அவனும் அவன் மனைவி பிலோமியும் தோட்டத்து வரிசைவீடுகளுள் ஒன்றில் குடியிருந்தனர். அவளும் காய்பறிக்கச் செல்பவளே.

அவன் ஓட்டிவந்த பழைய ஜீப்போ, வண்டி என்பதினும் நோயாளி என்பதே பொருந்தும். அதன் தடைமிதியை, அதாவது ஊரார் பிரேக்கு என்பதை, முதல் முறை மிதித்தால் ஒன்றும் நிகழாது. இரண்டாம் மிதிக்கு உள்ளே எங்கோ ஒரு பெருமூச்சுக் கேட்கும். மூன்றாம் மிதிக்குத்தான் சக்கரங்கள் இணங்கும். ஆகவே வளைவு வருமுன்னரே அவன் கால், தவிற்கலைஞனின் விரல்போல் விரைந்து மும்முறை ஓங்கி மிதித்துவிடும். ஆண்டுகள் செல்லச் செல்ல அம்மூன்றும் ஒன்றாகிவிட்டன. மூன்று முறை மிதிக்கிறோம் என்பதையே அவன் மறந்துபோனான். எவரேனும் வினவியிருந்தால், ஒரே மிதிதான் என்று கோயிலில் நின்று உறுதி கூறியிருப்பான். அத்தனை செவ்வையாய்க் கற்றிருந்தது அக்கால். மெட்டில் அவனை விஞ்சிய ஓட்டி இல்லை என்பது அந்நாளைய பேச்சு.

அந்நோயாளி வண்டி ஒருநாள் முற்றும் ஓய்ந்தது. காளிச்சாமி புதியதொன்று வாங்கினார். மாலையணிந்து, சந்தனம் பூசி, மணப்பெண் போல் வந்து நின்ற அவ்வண்டியின் தடைமிதி, கட்டைவிரல் பட்டாலே பிடித்து நிறுத்தும் கூர்மையுடையது. முதலாளியை அருகமர்த்திச் சுவக்கீன் அதனை மலையிறக்கினான். முதல் வளைவு வந்தது. கால் தான் அறிந்ததைச் செய்தது. வண்டி நின்று, பாய்ந்து, நின்று, பாய்ந்து, நின்றது. வாய் நிறைய வெற்றிலை மென்றுகொண்டிருந்த காளிச்சாமியின் நெற்றி முன்கண்ணாடியிலும், வெற்றிலைச் சாறு அவருடைய வெள்ளாடையிலும் போய்ச் சேர்ந்தன.

"ஏய் சுவக்கீனு! வண்டி ஓட்டுறியா, ஒரல்ல நெல்லுக் குத்துறியா?"

"இல்லைங்க மொதலாளி, பிரேக்கு ரொம்ப நல்லாப் பிடிக்கிது."

"நல்லாப் பிடிக்கிதுன்னு குத்தஞ்சொன்ன மொத ஆளு நீதான்யா!"

அடுத்த வளைவிலும் அதுவே நிகழ்ந்தது. அதற்கடுத்த வளைவிலும் அதுவே. அடிவாரம் சேருமுன் முதலாளி தம் சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இரு கைகளாலும் கம்பியைப் பற்றியவாறு, இறைவன் பெயர்களை ஒவ்வொன்றாய் அழைக்கத் தொடங்கிவிட்டார்.

அன்றுமுதல் சுவக்கீன் தன் காலோடு பேசலானான். புறப்படுமுன் குனிந்து, "ஒரு மிதி, மெதுவா" என்பான். நேர்ச்சாலையில் கால் அடக்கமுள்ள மாணாக்கனைப் போலக் கேட்கும். மாடொன்று குறுக்கிட்டாலோ, பேருந்தின் ஊதுகுழல் வளைவுக்கு அப்பால் அலறினாலோ, அவ்வடக்கமெல்லாம் காற்றில் போகும். உள்ளம் ஆணையிட வாய்திறக்குமுன் கால் தன் பழைய பணியை முடித்துவிட்டிருக்கும். பின்னிருக்கையில் ஒருவர்மேல் ஒருவர் சரியும் பெண்டிர் அவன் முன்னோர் அனைவரையும் விளித்து வசைபாடுவர். வீட்டிலோ, உறக்கத்திலும் அக்கால் மும்முறை உதைக்க, பிலோமி பாயைச் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போய்ப் படுத்தாள். தான் உண்ணும் சோற்றை உண்டு, தன் உடம்பிலேயே தங்கியிருந்து, தன் சொல்லை மட்டும் கேளாத ஓர் உறுப்பை என் செய்வது? வெட்டவும் இயலாது, விற்கவும் இயலாது.

நகைப்புக்குரியதாய் இருந்த இத்துன்பம் ஆவணி மாதத்து மாலையொன்றில் நகைப்பின் எல்லையைக் கடந்தது. மழை பெய்து ஓய்ந்து, சாலையெங்கும் செம்மண் வழுவழுப்பாய்ப் படிந்திருக்க, பெண்டிர் நிறைந்த வண்டி இறங்கிக்கொண்டிருந்தது. பனிக்குள்ளிருந்து ஒரு பேருந்து திடுமென முளைத்தது. சுவக்கீனின் கால் ஓங்கி மிதித்து, விட்டு, மீண்டும் மிதிக்க, சக்கரங்கள் சேற்றில் வழுக்கி, வண்டி பம்பரம்போல் சுழன்று, சாலையோரக் கற்களில் மோதி நின்றது. பின்சக்கரம் ஒன்று வெறுங்காற்றில் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. எவரும் மாளவில்லை. ஆயின் தோட்டத்திலேயே விரைந்து காய்பறிப்பவளான வேலுத்தாய் இருப்புக்கம்பியில் மோதி வலக்கை முறிந்தாள். முறிந்த கையை மடியில் ஏந்தியவாறு அவள் அழவில்லை, சுவக்கீனை நிமிர்ந்து பார்த்து, "புது வண்டிய வச்சுக்கிட்டு எங்களக் கொல்லப் பாத்தீகளேய்யா. இனி ஒங்க வண்டியில ஏற மாட்டேன். நடந்தே சாவேன்" என்றாள்.

மறுநாள் காலை அவன் திறவுகோலை முதலாளியின் முன் வைத்தான். "ஆளுகள ஏத்த மாட்டேன் மொதலாளி. இந்தக் காலு சரியாகட்டும்."

காளிச்சாமி தலையில் அடித்துக்கொண்டார். "காய்ப்பறிப்பு நேரத்துலயா ஒனக்குக் கால் கெடணும்? அடுத்த பறிப்பு வர வேற ஆளு ஓட்டட்டும். அதுக்குள்ள சரியாகலேன்னா அவனே நெரந்தரம். பொழுதடையும்போது கொஞ்ச நேரம் வண்டிய எடுத்து ஓட்டிப் பழகிக்க. எண்ணெய் விக்கிற வெலையில மலைய ஊர்கோலம் சுத்தாத!"

இவ்வாறு, மெட்டின் முதல்வனாய் விளங்கியவன் காய்மூட்டைகளை நிறுத்துப் போடும் வேலைக்கு இறங்கினான். மாலைதோறும், தோட்டத்தின் உள்ளே இருமருங்கும் மண்மேடுள்ள ஒரு பழைய பாதையில் வண்டியைச் செலுத்தினான். அங்கே அவன் கால் எத்துணை இனிமையுடையது! மெல்ல அழுத்தினால் மெல்ல நின்றது. மீண்டும் செய்தான், மீண்டும் நின்றது. நோய் தீர்ந்தது என்று உளம் மகிழ்ந்தான். பகலெல்லாம் காய்பறித்து, விறகுக்கட்டைத் தலையில் சுமந்து, உலை வைக்க நேரமாயிற்றே என்று விரைந்துகொண்டிருந்த பிலோமியை வழியில் நிறுத்தி, "பாத்தியா, எம்புட்டு மெதுவா நிக்கிதுன்னு" என்று காட்டினான். ஒருமுறை காட்டியதோடு அமையாமல் பின்னே சென்று மீண்டும் காட்டினான். மூன்றாம் முறையும் அவன் புறப்பட்டபோது அவள் பொறுமை அற்றுப்போயிற்று.

"இதுக்கு நில்லுங்க பாப்போம்!" என்று கூவி, விறகுக்கட்டை அப்படியே அவன் வண்டியின் முன் வீசினாள்.

தட், தட், தட். வண்டி விறகின்மேல் ஏறி, குதித்து, மண்மேட்டில் முகம் புதைத்து நின்றது.

சுவக்கீன் தன் காலை ஒரு பாம்பைப் பார்ப்பவன்போல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒங்க காலு சும்மா இருக்கையில கத்துக்கிட்டது சும்மா இருக்கையிலதான் வருது," என்றாள் பிலோமி, சிதறிய விறகைப் பொறுக்கியவாறு. "பதறும்போது வரணும்னா பதறித்தான் பழகணும் போல. மாதாவே, எனக்குன்னு வந்து வாச்சுதே!"

மறுநாள் முதல் தொடங்கிற்று அவ்விந்தைப் பயிற்சி. சருகு திணித்த சாக்குகளோடு பிலோமி ஒரு மரத்தின் பின் மறைந்திருப்பாள். அவன் வண்டியைச் செலுத்தி வருவான். அவன் எதிர்பாராத நொடியில் அவள் சாக்கைப் பாதையில் எறிவாள். சிலபோது இடப்புறத்திருந்து எறிவாள், சிலபோது வலப்புறத்திருந்து, சிலபோது எறியாமலே இருந்து, எறிவாள் எறிவாள் என்று உடல் குறுகி வரும் கணவனை வெறுமனே போகவிடுவாள். சாக்குகள் நைந்து கிழிந்துபோனபின் வீட்டு முறத்தையும், ஒருநாள் சினம் மிக்கு உலைமூடியையும் எறிந்தாள், உலைமூடி உடைந்தது, கால் திருந்தவில்லை.

திருந்தாததோடு நில்லாமல், இருந்ததும் கெட்டது. மும்முறை மிதித்த கால் இப்போது இருமுறை மிதித்துத் திகைத்தது. ஒருமுறை மிதிக்க வேண்டும் என்று எண்ணி எண்ணி, மிதியாமலே சாக்கின்மேல் ஏறியதும் உண்டு. எறியாதபோதும் நின்றது, நேர்ச்சாலையில் அழகாய் வந்ததும் மறந்தது. பழையது அகலவும் இல்லை, புதியது குடியேறவும் இல்லை. இரண்டும் வாயிற்படியில் நின்று ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன.

"போட்டாலும் தப்பு, போடாட்டாலும் தப்பு! நானும் மனுசிதானே? கையெல்லாம் காந்துது!"

"நீ கணக்கில்லாமப் போடுற. எப்பப் போடுவேன்னு சொன்னா நிறுத்துவேன்ல!"

"காட்டெருமை சொல்லிட்டா வரும்?" என்று கத்தினாள் பிலோமி. எஞ்சியிருந்த சாக்கை அவன் மடியில் திணித்துவிட்டு, மறுநாளே போடியிலுள்ள தமக்கை வீட்டுக்குப் புறப்பட்டுப் போனாள்.

சுவக்கீனும் வண்டியைத் தொடுவதை விட்டான். மூட்டைகளை நிறுத்தான், தனக்குத்தானே கஞ்சி காய்ச்சிக் குடித்தான், அடுத்த பறிப்பு நெருங்குவதைப் பிறர் பேசக் கேட்டு வாளாவிருந்தான். காலோடு பேசுவதையும் கைவிட்டான். கேளாச் செவிக்கு உரைத்துப் பயன் என்ன? ஆனால் நண்பரே, உடம்பு தன் பாடங்களைப் படிப்பது நாம் காண எழுந்து நின்று ஒப்பிக்கும்போது மட்டும் அன்று. உழுது விட்ட நிலம் உழவன் உறங்கும்போதும் ஈரத்தை உள்வாங்குவது போல, விட்டுவிட்ட அந்நாள்களிலும் அவனுள் ஏதோ ஒன்று ஓசையின்றித் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

தமக்கை வீட்டு நெருக்கத்தில் இருப்புக்கொள்ளாத பிலோமி, மாதா திருநாளுக்கு மறுநாள் மலையேறி வந்தாள். அன்று முதலாளி ஏவியதால், உரமூட்டை ஏற்றிய வண்டியைப் பழைய பாதையில் ஓட்டி வந்துகொண்டிருந்தான் சுவக்கீன். மரத்தின் மறைவில் நடந்துவந்தவள், அவனைக் கண்டதும், சேர்ந்து கிடந்த சினமெல்லாம் கையில் ஏறத் தன் துணிப்பையை அப்படியே வண்டியின் முன் எறிந்தாள். வண்டி நின்றது. குலுங்காமல், பாயாமல், நீர்மேல் தோணி கரை தொடுவதுபோல் நின்றது.

"எத்தன தடவ மிதிச்சீக?" என்றாள் அவள், வண்டியருகே ஓடிவந்து.

"மிதிச்சேனா?" என்றான் அவன்.

அந்த ஒன்றை நம்பி அவர்கள் மயங்கிவிடவில்லை. மழையில் பழகினர், பனியில் பழகினர், இறக்கத்தில் மூட்டையேற்றிப் பழகினர். இடையிடையே பழைய மும்மிதி தலைநீட்டியது, வரவரக் குறைந்தது. அடுத்த பறிப்பு தொடங்கிய அன்று, அவ்விரு மாதமும் பிந்தியே வந்து பழகிய மாற்று ஓட்டியை அனுப்பிவிட்டு, காளிச்சாமி திறவுகோலைச் சுவக்கீனிடம் நீட்டினார். தாம் மட்டும் உடன் ஏறவில்லை.

பெண்டிர் முணுமுணுத்துக்கொண்டே ஏறினர். கட்டவிழ்த்த கை இன்னும் முழுதும் வளையாத வேலுத்தாய் இரண்டு நாள் நடந்தே மலையேறிப் பார்த்து, மூன்றாம் நாள், "செத்தா எல்லாருஞ் சேந்து சாவோம், நகருங்கடி" என்று உள்ளே நெருக்கி அமர்ந்தாள்.

அன்று மாலை இறங்கும்போது பனி இறங்கியிருந்தது. பின்னால் ஒரு திருமணப் பந்தியில் யாருக்குப் பாயசம் கிடைக்கவில்லை என்னும் வழக்கு முழங்கிக்கொண்டிருந்தது. குறுகிய வளைவொன்றில், பத்தடிக்கும் குறைந்த தொலைவில், கரும்பாறை ஒன்று பெயர்ந்து வந்து நின்றாற்போல் ஒரு காட்டெருமை நின்றது. சுவக்கீன் எண்ணவில்லை, எண்ண நேரமில்லை. வண்டி நின்றுவிட்டது. விலங்கு ஒருமுறை மூச்செறிந்து, வெள்ளாடை நீங்குவதுபோல் விலகிய பனிக்குள் இறங்கி மறைந்தது. அதன்பின்னரே அவன் மிதியிலிருந்து காலை எடுத்தான்.

"என்னய்யா, ஏன் நிக்கிது?" என்று பின்னாலிருந்து அலுத்துக்கொண்டாள் வேலுத்தாய். "தூங்கிட்டீகளா? ஊட்டுல புள்ள பசியா இருக்கும்ல!"

சொல்வதற்காகத் திரும்பினான்; எவளும் காட்டெருமையைப் பார்த்திருக்கவில்லை. பாயச வழக்கு மீண்டும் தொடங்கியிருந்தது. சொல்லாமலே வண்டியை எடுத்தான். வீட்டுக்கு வந்து பிலோமியிடம் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. "ஒருத்தி கூடப் பாக்கலையா?" என்றாள். "ஒருத்தி கூட" என்றான். அவள் நெடுமூச்செறிந்து, "பாவிக" என்று மட்டும் சொல்லி, களைந்த நீரை வெளியே கொட்டப் போனாள்.

இடறிய அடியை ஊர் எண்ணிவைக்கிறது. இடறாத அடிக்குச் சான்று இல்லை. எத்தனை எரிச்சலும் எத்தனை இரவும் உருகிச் சேர்ந்து ஒரு காலுக்குள் நற்பழக்கமாய் உறைகின்றன என்பதை, அக்காலால் காக்கப்பட்டவரும் அறியார். காத்தவனும் பையப்பைய மறந்துபோவான். சுவக்கீனும் மறந்தான். மலையோ, மறப்பதற்கும் நினைப்பதற்கும் அப்பால், பனியை ஏந்தியும் உதறியும் நின்றுகொண்டேயிருந்தது.