நர்ஸ் சொன்ன பொய்

ஆறு வருடங்களாக அவள் ஒரே டிவி தொடருக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தாள். அதில் வரும் நர்ஸ், தன் தெருக் குழந்தைகள் ஏன் ஓயாமல் இருமுகிறார்கள் என்று விசாரித்து, ஒரு ரசாயன ஆலையின் வாசலில் போய் நிற்பதாகக் கதை வந்திருந்தது. அந்தக் காட்சிகளுக்கு வேண்டியதெல்லாம் அக்கா கொடுத்தது. அப்படியொரு ஆலைக்குப் பின்னால்தான் அக்காவுக்குக் குடித்தனம்.

"துணி காயப் போட்டா மஞ்சளாயிடுதுடி. அப்ப நுரையீரல் என்ன கலர்ல இருக்கும்?" என்று அக்கா போனில் கேட்டதை அப்படியே எடுத்து நர்ஸ் வாயில் வைத்தாள்.

அதைப் படமாக்கும் முன்பே சேனல் கை மாறியது. வாங்கியவருக்கு ரசாயன ஆலைகள் நான்கு.

நிகழ்ச்சித் தலைவர் அவளைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். அவள் மகளின் பிறந்தநாளைக்கூட மறக்காதவர்.

"மேலேர்ந்து யாரும் ஒரு வார்த்தை சொல்லலைம்மா. நமக்கே தெரியணும்ல?"

"என்ன சார் பண்ணணும்?"

"ஆலை இருக்கட்டும், இருமலும் இருக்கட்டும். நர்ஸ் மட்டும் போட்டிக் கம்பெனி ஏவிவிட்ட ஆளா இருந்துட்டா? கதைக்கும் ஒரு திருப்பம்."

முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். வெளியே வேறு இரண்டு எழுத்தாளர்கள் காத்திருந்ததை வரும்போதே பார்த்திருந்தாள். எழுதிக் கொடுத்தாள். துணி வசனத்தையாவது எடுத்துவிடப் பார்த்தாள். "ஐயோ, அது பிரமாதம், இருக்கட்டும்" என்றார் அவர். தெருவை ஏமாற்ற நர்ஸ் சொல்லும் பொய்யாக அது ஒளிபரப்பானது.

அக்காவிடமிருந்து போன் இல்லை. நான்காம் நாள் நேரிலேயே போனாள். மேசையில், ஆலைப் புகையைப் பற்றிச் சுகாதாரத் துறைக்கு எழுதிய மனு கிடந்தது. பதினொரு கையெழுத்துகளில் மூன்றை அடித்திருந்தார்கள்.

"துணி மஞ்சளாகுதுன்னேன், தெருவே சிரிக்குது. 'நீ எந்தக் கம்பெனி ஆளு?'ங்கிறாங்க. மூணு பேர் வீடு தேடி வந்து கையெழுத்த அடிச்சுட்டுப் போனாங்க."

"நான் எழுதலைன்னா வேற யாராவது எழுதியிருப்பாங்கக்கா."

"எழுதியிருப்பாங்க. அவங்களுக்கு என் வீட்டுத் துணி தெரியாதுல்ல?"

அவள் கையெழுத்துப் போட மனுவை இழுத்தாள். அக்கா அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"வேணாம். உன் பேரப் பார்த்தா மிச்ச எட்டுப் பேரும் ஓடிருவாங்க."

அந்த வாரமே வேலையை விட்டாள். நிகழ்ச்சித் தலைவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். நர்ஸ் கைதான வாரம் தொடரைப் பார்த்தவர்கள் அதிகமாம். அக்காவின் மனு எட்டுக் கையெழுத்தோடு போனது. பதில் இன்னும் வரவில்லை.