எண்பத்தேழில் தூங்கியவன்

அன்று காலை மெத்தைக் கடையின் பின்னறையில் இருந்தவர்கள் நான்கே பேர்: கடைத்தெருவே அக்கா என்று கூப்பிடும் முதலாளி, அவர் மகள், மாப்பிள்ளை, ஊசி என்று பெயர் வாங்கிய தையல்காரர். ஐந்தாவதாக ஒருவர் இருந்ததாகச் சொல்பவர்கள் அந்த வாசலை எட்டிக்கூடப் பார்த்தவர்கள் அல்லர்.

அக்காவின் கையில் கைபேசி. கடையின் இணையப் பக்கத்தில் வாடிக்கையாளர் கருத்துகள் வரிசையாக இருந்தன. ஒரு வாரமாக அவர் ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘எண்பத்தேழு எண்ணுவதற்குள் தூங்கிவிட்டேன். கால்மாட்டுத் தையல் மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது.’ எழுதியவர் பெயர் இல்லை.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டாள் ஒருவர் படுத்து நூறு எண்ணிப் பார்க்காமல் எந்த மெத்தையும் கடையை விட்டுப் போகாது. உறுத்தினால் பிரித்துத் தைக்க வேண்டும். அந்த வேலை அக்காவின் தம்பியுடையது. அவன் நூறைக் கண்டதே இல்லை; எண்பத்தேழு வந்தால் குறட்டையும் வந்துவிடும். எழுந்ததும் பரிசோதனை நோட்டில் அதையும் உறுத்திய இடத்தையும் எழுதி வைப்பான். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு நாள், வாங்க வந்தவர்கள் வாசலில் காத்திருக்க, அவர்களுடைய மெத்தையிலேயே அடித்துப் போட்டாற்போல் கிடந்தான். வேலையாட்கள் முன்னிலையில் அக்கா, “தூங்கறதுக்கு வேற வீடு பாத்துக்கோ” என்றார். பார்த்துக்கொண்டான். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை.

அந்த இரண்டு வரியைக் கண்டதிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. எங்கோ ஓர் அறையில் தம்பி நம் மெத்தையில்தான் படுத்திருக்கிறான். தலைமாட்டில் ஜன்னல் இருக்குமா? தலை நரைத்திருக்குமா? வாங்கியவர் விலாசத்தை எடுத்துத் தரும்படி மாப்பிள்ளையிடம் மூன்று முறை கேட்டாயிற்று. அவர் இன்று, நாளை என்று இழுத்தடித்தார். ஊசி வேறு, “என் தையல்ல குத்தம் கண்டுபிடிச்சிருக்காருன்னா அது சின்னவரேதான்” என்று சொல்லிச் சொல்லி ஆசையை ஊதிவிட்டார்.

அன்று அக்கா இரண்டு மாற்றுத் துணியைப் பையில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். விலாசம் கிடைத்ததும் அப்படியே கிளம்பிவிடுவது என்று.

பையைக் கண்டதும் மாப்பிள்ளை எழுந்து நின்றார். மகள் அவரை முழங்கையால் இடித்தாள்.

“அத்தை, அது யாரும் எழுதினதில்ல” என்றார்.

இணையத்தில் கடை திறந்தபோது கருத்துப் பக்கம் வெறிச்சோடிக் கிடந்ததாம். எல்லாக் கடைக்காரர்களும் செய்வதுதானாம். பரிசோதனை நோட்டைப் படமெடுத்துச் செயற்கை நுண்ணறிவுக்குக் கொடுத்து, வாடிக்கையாளர்கள் எழுதியதுபோல் எழுதித் தரச் சொன்னாராம். அது இருநூற்றுப் பன்னிரண்டு எழுதித் தந்ததாம். அதில் ஒன்று இது.

ஊசி கத்தரிக்கோலைத் தேடுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அப்ப அந்த மெத்தைல யாரு படுத்திருக்கா?” என்று கேட்டார் அக்கா.

“யாரும் இல்ல அத்தை.”

மாப்பிள்ளை கெட்டவர் அல்லர். மற்றதையெல்லாம் அழித்துவிட்டு, இந்த ஒன்றை மட்டும் அத்தைக்காக விட்டுவைப்பதாகச் சொன்னார். யாருக்குத் தெரியப் போகிறது? அக்கா அந்த வரிகளை இன்னொரு தடவை படித்தார். விரலால் திரையைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். பிறகு கைபேசியை நீட்டினார்.

“மொதல்ல அத எடுங்க மாப்பிள்ளை. இந்த வீட்டு மனுஷி நானே ஒரு வாரம் நம்பிட்டேன். முன்ன பின்ன தெரியாதவங்க என்ன பண்ணுவாங்க?”

இருநூற்றுப் பன்னிரண்டும் போயின. அக்கா சொல்லச் சொல்ல மகள் அந்த இடத்தில் எழுதினாள்: இங்கிருந்த கருத்துகள் இயந்திரம் எழுதியவை; அவற்றை நம்பி வாங்கியவர்கள் மெத்தையைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம்.

ஒன்பது மெத்தைகள் திரும்பி வந்தன. அக்கா ஒவ்வொன்றிலும் படுத்து எண்ணிப் பார்த்தார். எண்பத்தேழில் சற்று நிற்பார். அப்புறம் நூறு வரை போவார். தூக்கம் வருவதில்லை.

சின்னவர் எழுதிவிட்டார், அக்கா போய் அழைத்து வந்துவிட்டார், பின்னறையில்தான் தூங்குகிறார் என்று கடைத்தெருவில் ஒரு பேச்சு நடமாடுகிறது. தவறு. அவன் எழுதவில்லை. வரவுமில்லை. பின்னறையில் படுத்திருப்பது அக்கா.