ஆறு வருஷ மொட்டு

என் மச்சினனைத் தெரியாதவர்கள் பாக்கியசாலிகள். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். போன வருஷம் தோட்டக்கலைப் பயிற்சி என்று மூன்று நாள் போய், ஒரு சான்றிதழும் வட்டத் தொப்பியும் வாங்கிக்கொண்டு வந்தான். அன்றிலிருந்து கைபேசியில் வீடியோ போட்டு ஊருக்கெல்லாம் உபதேசம். அவன் வீட்டு ஜன்னலில் கள்ளிச்செடியே பட்டுப்போய் நிற்கிறது. கள்ளியைச் சாகடிக்கத் தனித் திறமை வேண்டும்.

எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் வெயில் பார்க்காத இடம். பெரிய மரம் ஒன்று அதை முழுசாக மூடியிருந்தது. அந்த மரத்தடிச் சருகுக்குள் என் மனைவி ஆறு வருஷத்துக்கு முன்னால் காட்டுப்பூ விதை போட்டாள். நம் காட்டிலேயே மரநிழலில் தானாக முளைக்கிற ஜாதி. முதல் வருஷம் ஒன்றும் வரவில்லை. அடுத்த வருஷம் ஒரே ஓர் இலை வந்து, இரண்டு மாதத்தில் காணாமல் போனது.

"செத்துப்போச்சு, விடு" என்றேன்.

"மண்ணுக்குள்ள தூங்குது. தையல் மெஷினைத் தவிர உங்களுக்கு என்ன தெரியும்?" என்றாள்.

சொன்னபடியே மறு வருஷமும் வந்தது. பிறகு இரண்டு இலை, மூன்று இலை. சருகைக் கூட்டக் கூடாது, வெயில் படக் கூடாது, உரம் கூடாது என்று அவள் ஓதி ஓதி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

இந்த வருஷம் மொட்டு விட்டது. சட்டைப் பித்தான் அளவுதான் இருக்கும். காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் போய் அதன் முன் உட்கார்ந்துவிடுவாள். அந்த நேரம் பார்த்து அவள் தங்கைக்குக் கால் முறிந்தது. மூன்று நாள் துணைக்குப் போக வேண்டியதாயிற்று.

"நான் வர்றதுக்குள்ள விரிஞ்சிடக் கூடாதேன்னு இருக்கு. பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றே மச்சினன் தொப்பியும் ரம்பமும் ஏணியுமாக வந்து நின்றான்.

"என்ன மச்சான், தோட்டமா இது, குகையா? வெயில் இல்லாம எந்தச் செடியாவது பூக்குமா? அக்கா வர்றதுக்குள்ள பெரிய பூவா வரவச்சு சர்ப்ரைஸ் குடுத்துடுவோம்."

"நீ படிச்சவன் மாப்ளே. உனக்குத் தெரியாததா?" என்றேன்.

"ஏணியைக் கொஞ்சம் பிடிங்க."

பிடித்தேன். நாலு பெரிய கிளைகளை அறுத்துத் தள்ளினான். சருகையெல்லாம் கூட்டி மூட்டை கட்டினான். அதையும் வீடியோ எடுத்து, "நண்பர்களே" என்று ஆரம்பித்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா வரட்டும், இந்த மேதாவியின் வண்டவாளம் தண்டவாளம் ஏறட்டும் என்று காத்திருந்தேன்.

மறுநாள் வெயில் நேராக இறங்கியது. சாயங்காலம் இலைகள் சுருண்டன. மூன்றாம் நாள் மொட்டு கறுத்து உதிர்ந்தது. தகவல் சொன்னதும் அவன் ஓடி வந்தான், தொப்பி இல்லாமல்.

அன்று சாயங்காலம் ஊரிலிருந்து திரும்பிய மனைவி பையைக்கூட இறக்கவில்லை. நேராக மரத்தடிக்குப் போய் நின்றாள். மச்சினன் தலை குனிந்து நின்றான். ஆகா, இதற்குத்தானே காத்திருந்தேன்!

"பாத்தியா உன் தம்பி லட்சணத்தை? வெயில் பட்டாக் கருகிடும்னு இவனுக்குத் தெரியல. இவன் ஊருக்குப் பாடம் எடுக்கிறான்!"

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"ஆறு வருஷமாச் சொல்றியே, தெரியாம என்ன?" என்றேன் பெருமையாக.

மச்சினன் சட்டென்று நிமிர்ந்தான். "தெரியுமா? அப்புறம் ஏன் மச்சான் ஏணியைப் பிடிச்சீங்க?"

மனைவி உதிர்ந்த மொட்டைக் குனிந்து எடுத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அவன் தெரியாம வெட்டினான்" என்றாள். "நீங்க தெரிஞ்சே பிடிச்சீங்க."

பிறகு அவன் தோளில் கை வைத்து, "வா தம்பி, உள்ள வந்து சாப்பிடு" என்று கூட்டிக்கொண்டு போனாள். என்னைக் கூப்பிடவில்லை.