கயிறு பிடிக்கிற வேலை

விடிவதற்கு முன்பே எங்கள் கோட்டைக்கு வேர்த்துவிடும். மண்ணுக்கடியில் கிடக்கிற கோட்டை அது. மேலே நாற்சந்தி, பேருந்து நிறுத்தம், செருப்புக் கடை. கீழே, பல நூறு வருடங்களுக்கு முன் எவனோ ஒரு சிற்றரசன் கட்டி, இன்னொருவன் வந்து இடித்துப் போட்ட மதில்கள். அந்த இடிபாட்டுக்குக் கூரை போட்டு, கண்ணாடித் தரை போட்டு, அருங்காட்சியகம் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். இரவெல்லாம் மூடிக் கிடப்பதால் காலையில் கல்லெல்லாம் ஈரம் பூத்து நிற்கும். அதைப் பஞ்சால் ஒற்றி எடுப்பது என் வேலை. தேய்க்கக் கூடாது, தேய்த்தால் பழைய சுண்ணாம்பு கையோடு வந்துவிடும். ஒற்ற வேண்டும், பிழிய வேண்டும், மறுபடி ஒற்ற வேண்டும். சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறி ஊறி என் விரல் நுனியில் ரேகை அழிந்துபோயிற்று. வருகையைப் பதிகிற இயந்திரத்தில் தினமும் விரலை வைக்கிறேன். நீ யாரென்றே தெரியாது என்கிறது. நிர்வாகம் வாங்கி வைத்த இயந்திரம் வேறெப்படிப் பேசும்?

சுவர் முடிந்ததும் குழி. பழைய அகழியின் மிச்சம் அது. சுற்றிலும் ஊறுகிற தண்ணீரெல்லாம் அங்கேதான் சேரும், பம்ப் அங்கிருந்துதான் அதை வெளியே தள்ளும். சேறும் வேரும் போய் பம்பின் வாயை அடைத்துக்கொள்ளும். யாராவது இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, கையை விட்டுத் தோண்டி எடுக்க வேண்டும். அந்த யாராவது, எப்போதும் தவளை அண்ணன்தான். பாதி வாழ்க்கை தண்ணீரில் கழிவதால் அந்தப் பெயர். அவருக்கும் அதில் வருத்தமில்லை.

குழிக்குள் காற்று கெட்டது. இறங்கினவருக்குத் தலை சுற்றுவது அவருக்கே தெரியாது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. இறங்குகிறவர் இடுப்பில் கயிறு, மேலே ஒருவர் கையில் அதன் மறுமுனை. மேலே இருப்பவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், கீழே இருப்பவர் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பதில் நின்றால் கூச்சல் போட்டு ஆளைக் கூட்டி இழுக்க வேண்டும். கயிறு பிடித்தது நான். தினமும் என்னத்தைப் பேசுவது? வீட்டுக் கதையைத்தான். என் மாமியாரைப் பற்றி முழுதாகத் தெரிந்தவர் இந்த உலகத்தில் தவளை அண்ணன் ஒருவர்தான்.

எங்கள் மேலாளரை நாங்கள் ராஜா என்போம். மரியாதையால் அல்ல, இடிந்த கோட்டைக்கு அவர்தான் பொருத்தம். ஒருநாள் காலை, மூக்கில் கைக்குட்டையோடு குழிவரை எழுந்தருளினார்.

"இங்க என்ன பண்ற?"

"கயிறு பிடிக்கிறேன் சார்."

"கயிறு பிடிக்கத் தனியா ஒரு ஆளா? அதுவும் கதை பேசிக்கிட்டு?"

"பேசுறதுதான் சார் இந்த வேலையே."

சிரித்தார். பல் விளக்கிய திருப்தியைத் தவிர அந்தச் சிரிப்பில் வேறொன்றும் இல்லை. "வெட்டிப் பேச்சுக்கெல்லாம் கம்பெனி சம்பளம் தராது. சுவர் வேலை முடிஞ்சதும் மேல கடைக்குப் போ. வாள் வித்தா வருமானமாவது வரும்."

வாள் என்றால், எங்கள் நினைவுப்பொருள் கடையில் விற்கிற பிளாஸ்டிக் வாள். கூடவே அட்டைக் கிரீடமும் உண்டு. நான் கிரீடம் விற்கப் போனேன். குழிக்கு அருகே தவளை அண்ணன் மட்டும் நின்றார்.

கயிற்றை எதில் கட்டுவது? கல்லில் கட்டக் கூடாது, அது புராதனம். கைப்பிடிக் கம்பி இருந்தது. படம் எடுப்பவர்களுக்கு மறைக்கிறது என்று ராஜா அதை எப்போதோ அறுத்துப் போடச் சொல்லிவிட்டார். மிச்சம் இருந்தது பொம்மை ஒன்றுதான். குழிக்குப் பக்கத்து மேடையில், இடுப்பில் துணியும் முதுகில் வியர்வையும் வரைந்து நிறுத்திய கூலியாள் பொம்மை. கல் இழுக்கிற பாவனையில் கையை நீட்டிக்கொண்டு நிற்கும். காலடியில் பலகை: ‘இக்கோட்டையை எழுப்பிய முகமறியா உழைப்பாளிகளுக்கு எமது வணக்கம்.’ பலகைக்குத் தனியாக ஒரு விளக்கு உண்டு. குழிக்குள் விளக்கு கேட்டுக் கேட்டு எங்களுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். செத்துப்போன தொழிலாளி என்றால் நிர்வாகத்துக்கு அவ்வளவு பாசம்! அவன் கூலி உயர்த்திக் கேட்க மாட்டானே.

தவளை அண்ணன் அந்தப் பொம்மையின் கையில் கயிற்றைக் கட்டினார்.

"உனக்குப் பதிலா ஆள் கிடைச்சாச்சு தங்கச்சி. லீவே போட மாட்டான்," என்றார் என்னிடம்.

"பேசுவானா அண்ணே?"

"நான் பேசுறேன். அவன் கேட்டுக்கட்டும்."

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு அட்டைக் கிரீடத்தைத் துடைத்து அடுக்கினேன்.

அன்று மழைக்குப் பிறகு குழியில் தண்ணீர் அதிகம். கீழே அவர் பேசிக்கொண்டே இருந்ததை, வருகிறவர்களுக்குக் கோட்டையைச் சுற்றிக்காட்டுகிற வழிகாட்டி கேட்டிருக்கிறார். பேச்சு நின்றதையும் கேட்டிருக்கிறார். வேலை முடிந்தது போல என்று நினைத்துக்கொண்டாராம். எங்கள் வழக்கம் அவருக்கு எப்படித் தெரியும்? தலை சுற்றிய தவளை அண்ணன் ஏறுவதற்குக் கயிற்றைப் பிடித்து இழுத்திருக்கிறார். பொம்மையை மேடையோடு முடுக்கிய ஆணிகள் பெயருக்குத்தான் இருந்தன. பொம்மை பெயர்ந்து அவர் மேலேயே விழுந்தது.

சத்தம் கேட்டு ஓடினேன். வழிகாட்டியும் நானும் தவளை அண்ணனை இழுத்து மேலே போட்டோம், கயிற்றோடு பொம்மையும் வந்தது. அவருக்குத் தோள்பட்டை எலும்பு ஒடிந்து, கால் திரும்பிக் கிடந்தது. பொம்மைக்கும் ஒரு கை போயிருந்தது. ராஜா வந்தார். குனிந்தார். பொம்மையைத் தூக்கி நிறுத்தி, முகத்துச் சேற்றைத் தன் கைக்குட்டையால் துடைத்தார்.

"இதைச் செய்ய எவ்வளவு காலமாச்சு தெரியுமா?" என்றார்.

தவளை அண்ணனைச் செய்யவும் காலமாகியிருக்கும். அதை அவரிடம் யார் சொல்வது?

தவளை அண்ணனின் மனைவிதான் நுழைவுச்சீட்டு கொடுப்பவர், எங்களுக்கெல்லாம் அண்ணி. மருத்துவமனையிலிருந்து திரும்பிய அண்ணியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார் ராஜா. துணைக்கு நானும் போனேன். உட்காரச் சொல்லவில்லை.

"உங்க வீட்டுக்காரர் காட்சிப் பொருளை வச்சு விளையாடியிருக்கார். வேலையை விட்டு எடுத்தாச்சு. வைத்தியமும் கம்பெனி பொறுப்பில்ல."

அண்ணி சத்தம் போடவில்லை. "விளையாடல சார். நீங்க ஆளை எடுத்தீங்க. அவர் பொம்மையை வச்சார்."

"வாய் நீளுது. உங்க வேலையாவது இருக்கட்டுமேன்னு பார்க்கிறேன்."

"பார்த்த வரைக்கும் போதும் சார்," என்றார் அண்ணி. எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

அன்று மாலை சீட்டுக் கூண்டுக்குள் நெருக்கியடித்து நின்று பேசினோம். கோரிக்கை பெரிதாக ஒன்றுமில்லை. தவளை அண்ணனுக்கு வைத்தியம், குணமானதும் அவர் வேலை, குழியில் இறங்கினால் மேலே கயிறு பிடிக்க உயிருள்ள ஒரு ஆள். அதுவரை யாரும் இறங்குவதில்லை. வழிகாட்டி மெல்ல, "நாளைக்குப் பெரிய மனுஷங்க எல்லாம் வராங்களே, விழா இருக்கே," என்றார்.

"அதனாலதான் நாளைக்கு," என்றேன் நான்.

விடிந்தது. நான் சுவரை ஒற்றி முடித்தேன். கல் என்ன பாவம் செய்தது? பம்ப் அடைத்துக் கிடந்ததால் குழியில் தண்ணீர் ஏறி விளிம்பைத் தொட்டது. ராஜா புதுச் செருப்பு சரசரக்க வந்தார். பின்னால், எங்கிருந்தோ பிடித்துவந்த ஒரு கூலியாள். ஒட்டுப்போட்ட கையோடு பொம்மை பழைய இடத்தில் நின்றது. விருந்தாளிகள் முதலில் அங்கேதான் வருவார்களாம், வணக்கப் பலகையைப் படிக்க.

"இறங்குப்பா," என்றார் ராஜா.

வந்தவர் குழியை எட்டிப் பார்த்தார். சுற்றி நின்ற எங்கள் மூவர் முகங்களையும் பார்த்தார். "கயிறு யார் பிடிப்பாங்க?"

"சின்ன வேலைதான். சட்டுனு இறங்கி ஏறிடு."

"சார், இது உள்ள எத்தனை ஆழம்னு உங்களுக்குத் தெரியுமா?"

ராஜா என் பக்கம் திரும்பினார். "சரி, இன்னைக்கு மட்டும் நீ பிடி. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

நான் கயிற்றின் ஒரு முனையை என் இடுப்பில் கட்டினேன். மறுமுனையை ராஜாவிடம் நீட்டினேன். "நானே இறங்குறேன் சார். நீங்க பிடிங்க. ஆனா பேசிக்கிட்டே இருக்கணும். வெட்டிப் பேச்சுதான், கஷ்டமே இருக்காது."

ராஜா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். தண்ணீர் விளிம்பைத் தாண்டி அவருடைய புதுச் செருப்பின் நுனியை நனைத்தது. அவர் ஓர் அடி பின்வாங்கினார். நாங்கள் நகரவில்லை, எங்கள் காலுக்கு ஈரம் புதிதல்ல.

நீட்டிய கயிற்றை அந்தக் கூலியாள் வாங்கிக்கொண்டார். "நான் இறங்கலை சார்," என்றார். "பிடிச்சுக்கிட்டு வேணா நிக்கிறேன்." அவருக்குப் பின்னால் அண்ணி வந்து பிடித்தார். வழிகாட்டி தன் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அண்ணிக்குப் பின்னால் நின்றார்.

"உங்களை எல்லாம் மாத்திடுவேன்! வெளிய ஆளா கிடைக்காது?"

"வெளி ஆளும் இங்கதானே சார் நிக்கிறார்," என்றார் அண்ணி.

மேலே கார்கள் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் பொம்மையின் மேடையைச் சுற்றிக்கொண்டது. வழிகாட்டி தொண்டையைச் செருமினார். "சார், அவங்க வந்து இது என்னன்னு கேட்டா, நடந்ததைத்தான் சொல்லப் போறேன்."

"யாரும் வாயைத் திறக்கக் கூடாது!" என்று கத்திவிட்டு ராஜா படிகளில் ஏறி ஓடினார்.

கயிறு என் இடுப்பில் இறுகியிருந்தது. குழிக்குள் யாரும் இல்லை. ஆனாலும் மூன்று பேரும் பிடியை விடவில்லை. படியில் பல செருப்புகள் இறங்கி வருகிற ஓசை கேட்டது. என்ன ஆகும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

"ஏம்மா," என்றார் கூலியாள் என்னிடம், "பேசிக்கிட்டே இருக்கணும்னியே. என்ன பேசுறது?"

"என் மாமியாரைப் பத்திச் சொல்லட்டுமா?" என்றேன்.

அண்ணி, தன் கணவர் விழுந்த நாளிலிருந்து முதன்முறையாகச் சிரித்தார். நான் பேச ஆரம்பித்தேன். அவர்கள் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.