கொண்டைக்கு ஒரு வசனம்

யுகேந்திரனுக்குப் படம் வரையத் தெரியாது. ஆனாலும் இருபது வருடமாக வரைந்துகொண்டுதான் இருக்கிறார். சாலை விபத்துகளைக் காப்புறுதி நிறுவனங்களுக்காக விசாரித்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில், மலேசியாவின் கிள்ளான் நகரில், அவருக்கு வேலை. காப்பார் சாலையில் ஒரு லோரியும் ஒரு காரும் முட்டிக்கொண்டால் இவர் போய் அளவுநாடா பிடித்து அளப்பார். சாலையைக் கோடாகவும் வண்டிகளைப் பெட்டியாகவும் ஆட்களைக் குச்சியாகவும் வரைவார். இரண்டு தரப்பிடமும் வாக்குமூலம் வாங்குவார். குச்சி ஆள் என்றால் ஒரு வட்டம், ஒரு கோடு, இரண்டு கை, இரண்டு கால். மூக்கும் முழியும் கிடையாது. ஆனால் யார் எங்கே நின்றார், எந்தக் கை எந்தப் பக்கம் இருந்தது என்பதில் மட்டும் மனிதர் பிசக மாட்டார்.

மனைவி மலர் ஷா ஆலமில், மருத்துவமனைகளுக்கு ரப்பர்க் குழாய் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். சாயந்திரம் ஐந்தரைக்கு அந்தத் தொழிற்சாலை வாசலில் கணவன்மார்களின் கார்கள் வரிசையாக நிற்கும். அந்த வரிசையில் காத்திருந்த ஒரு நாள், பொழுது போகாமல், விசாரணைப் படிவத்தின் பின்பக்கத்தில் தன்னையும் மலரையும் வரைந்தார். தனக்கு அடையாளம் ஒரு தொப்பை, அரை வட்டம். மலருக்குத் தலைக்கு மேல் இன்னொரு குட்டி வட்டம், கொண்டை. சாலை நெரிசலில் மாட்டிக்கொண்ட தொப்பை, அரசாங்கம், வானிலை, டுரியான் பழ விளைச்சல் எல்லாவற்றையும் அலசித் தள்ளுகிறது. கொண்டை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதைப் போனில் படம் பிடித்து, 'குச்சிக் குடும்பம்' என்று பெயர் வைத்து ஃபேஸ்புக்கில் போட்டார்.

ஒன்று பத்தாகி, பத்து எழுபத்து மூன்றாகிவிட்டது. பதினோராயிரம் பேர் படிக்கிறார்கள். 'எங்கப்பாவ எங்க பார்த்தீங்க அண்ணே?' என்று காஜாங்கிலிருந்தும் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்தும் எழுதுகிறார்கள். ஒவ்வொரு படத்தையும் மலருக்கும் காட்டுவார். அவள் பார்ப்பாள், சிரிப்பாள், போனைத் திருப்பிக் கொடுப்பாள்.

எல்லாவற்றிலும் அவருக்குப் பெருமை ஐம்பத்தெட்டாவது படம். மலரின் கம்பெனி வருடாந்திர விருந்தில் நடந்ததை அப்படியே வரைந்தது. மேனேஜர் மேசைக்கு வந்து, 'மலர், புது லைனுக்கு நீங்க சூப்பர்வைசரா வரணும், என்ன சொல்றீங்க?' என்று கேட்கிறார். தொப்பை முந்திக்கொள்கிறது: 'ஐயோ பாஸ், இவங்க இங்க சூப்பர்வைசரா ஆயிட்டா வீட்டுல எனக்கு யாரு சூப்பர்வைசர்?' விருந்திலும் சிரித்தார்கள். ஃபேஸ்புக்கில் தொள்ளாயிரம் பேர் சிரித்தார்கள். விஷயம் அத்தோடு முடிந்தது என்றுதான் யுகேந்திரன் நினைத்திருந்தார்.

முடியவில்லை. கம்பெனி அந்தக் கேள்வியை ஒரு படிவமாக்கி மலரிடமே கொடுத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சம்மதமா இல்லையா என்று எழுதித் தர வேண்டும். படிவம் அவள் கைப்பையில் இரண்டாக மடிந்து கிடந்தது. யுகேந்திரனுக்கு இது தெரியாது. படிக்கிற நமக்குத் தெரிந்திருக்கட்டும்.

திங்கட்கிழமை ஒரு கருத்து வந்தது. எழுதியவள் பெயர் நாச்சாள். காஜாங்கில் வீடு, கோலாலம்பூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை. எம்ஆர்டி ரயிலில் போகவர ஒரு வாரமாக முதல் படத்திலிருந்து படித்திருக்கிறாள்.

'அண்ணே, ஒரே ஒரு டவுட். எழுவத்து மூனு படமும் பாத்துட்டேன். தொப்பை பேசுது. டாக்டர் பேசறாரு. பக்கத்து வீட்டுப் பூனைகூட ரெண்டு தடவ பேசிருச்சி. கொண்டை அக்கா மட்டும் ஒரு தடவகூட வாயத் தொறக்கல. ஏன்?'

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். அன்று மத்தியானத்துக்குள் நானூறு பேர் வந்து இறங்கிவிட்டார்கள். கொண்டை பிறவி ஊமை என்றான் பிரவின் என்கிற ஒருவன். இல்லை, கொண்டை அக்கா எப்போதோ செத்துப்போய்விட்டார், தொப்பைக்கு மட்டும்தான் தெரிகிறார், கதையே அதுதான் என்று ஒரு பெண் அழும் முகம் போட்டு எழுதினாள். லோகன் என்பவர் நிதானமாக எழுதினார்: 'கல்யாணமாகி பத்து வருசம் போகட்டும், ஏன்னு உங்களுக்கே புரியும் லா.'

யுகேந்திரன் அலுவலகத்தில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் தொழில் புத்தி வேலை செய்தது. குற்றச்சாட்டு என்று ஒன்று வந்துவிட்டால் சரிபார்க்க வேண்டாமா? முதல் படத்திலிருந்து எண்ணிக்கொண்டு வந்தார். தொப்பையின் வசனங்கள் இருநூற்றுப் பதினொன்று. பூனைக்கு இரண்டு, அதுவும் சரி. கொண்டைக்கு ஒன்றுகூட இல்லை.

அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. இன்னும் உற்றுப் பார்த்தபோது வேறொன்றும் தென்பட்டது. கிளினிக்கில் டாக்டர் கொண்டையிடம்தான் 'எங்க வலிக்குது?' என்று கேட்கிறார். கல்யாண மண்டபத்தில் அத்தை முறைக்காரி கொண்டையிடம்தான் 'வேலையெல்லாம் எப்படிப் போகுது?' என்கிறாள். புடவைக் கடைக்காரர்கூடக் கொண்டையிடம்தான் 'என்ன கலர் காட்டட்டும்?' என்கிறார். எல்லா இடத்திலும் பதில் தொப்பையின் வாயிலிருந்து வருகிறது.

இதிலென்ன, ஒரு வசனம் கொடுத்துவிட்டால் போச்சு என்று அன்று சாயந்திரமே எழுபத்து நாலாவது படத்தைப் போட்டார். கொண்டை சொல்கிறது: 'சாப்புட வாங்க.'

நாச்சாள் விடவில்லை. 'இது எந்த அக்கா வேணும்னாலும் சொல்லலாம் அண்ணே. இந்த அக்கா என்ன சொல்வாங்க?'

யுகேந்திரனுக்குச் சுருக்கென்றது. செவ்வாய்க்கிழமை முழுக்க, லோரிப் பட்டறையில் நொறுங்கிப்போன பம்பரை அளந்துகொண்டே யோசித்தார். மலர் என்ன சொல்வாள்? நெரிசலைப் பற்றி ஒரு வசனம் எழுதிப் பார்த்தார். விலைவாசியைப் பற்றி ஒன்று. படித்துப் பார்த்தால் எல்லாம் தொப்பைக்குக் கொண்டை வைத்தது மாதிரி இருந்தது. இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவளின் பேச்சு ஒரு வரி வரவில்லை. நேற்று அவள் பேசியதையாவது ஞாபகப்படுத்திப் பார்ப்போம் என்றால், காரில் ஏறியதும் 'இன்னிக்கி ஃபேக்டரில...' என்று ஆரம்பித்தாள். 'என்னா, மறுபடியும் ஏர்கான் கெட்டுப்போச்சா? நான் அன்னிக்கே சொன்னேன்ல' என்று இவர் சொன்னார். அதற்கப்புறம் கிள்ளான் வரைக்கும் ஏர்கானைப் பற்றி இவர்தான் பேசினார். அந்த வாக்கியத்தின் மிச்சம் என்ன? தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று மனசு அரித்தது. படத்துக்காக மட்டும் இல்லை என்பதும் அவருக்குப் புரிந்தது, லேசாகப் பயமாகவும் இருந்தது.

புதனன்று காரில் அவளிடமே கேட்டார். "மலரு, நீ என்னா பேசுவ?"

"என்னாத்தப் பத்தி?"

"பொதுவா."

"என்னாங்க இது கேள்வி" என்று சிரித்துவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கேள்வி கேட்கத் தெரியாதவர் என்று யாராவது அலுவலகத்தில் சொல்லியிருந்தால் யுகேந்திரன் சண்டைக்குப் போயிருப்பார்.

வியாழக்கிழமை அரை மணி நேரம் முன்னதாகவே ஷா ஆலம் போய்ச் சேர்ந்தார். எட்டு வருடமாகக் காத்திருக்கும் வாசல், ஆனால் காரை விட்டு இறங்கியதில்லை. இன்று இறங்கிப் பாதுகாவலர் கூண்டுக்குப் போனார். உள்ளே இருந்த பெரியவரின் சட்டையில் கன்னையா என்று பெயர் குத்தியிருந்தது.

"யாரப் பாக்கணும் பாஸ்?"

"மலர். என் வொய்ஃப்."

"மலரக்கா வீட்டுக்காரரா?" கன்னையா எழுந்தே நின்றுவிட்டார். "அதோ, கேன்டீன்ல சத்தம் கேக்குதுல்ல, அங்கதான். ஷிஃப்ட் மாறுற நேரம். அவங்க பேசினா ஒரு ஆளு நகராது."

கூண்டுக்குப் பின்னால்தான் கேன்டீன். பக்கவாட்டுச் சுவர் இல்லாத கொட்டகை. யுகேந்திரன் தூண் ஓரமாகப் போய் நின்றார். முப்பது பெண்கள் இருப்பார்கள், தமிழர், மலாய்க்காரர், நேப்பாளிகள். நடுவில் மலர். தரம் பார்க்க வந்த அதிகாரி குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பது, மூக்குக்கண்ணாடியை ஏற்றுவது, ஓட்டையே இல்லாத இடத்தில் ஓட்டையைத் தேடுவது எல்லாவற்றையும் செய்து காட்டிக்கொண்டிருந்தாள். தமிழில் ஆரம்பித்து, மலாயில் திருப்பி, நேப்பாளிப் பெண்களுக்குக் கையாலேயே முடித்தாள். ஒருத்தி சிரிப்பு தாங்காமல் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அப்புறம் மலர் குரலை இறக்கி ஏதோ கேட்டாள். ஒரு சின்னப் பெண் முழங்காலைக் காட்டினாள். மலர் குனிந்து பார்த்தாள். கொட்டகையே அமைதியாகிவிட்டது.

இது யார் பெண்டாட்டி என்றுதான் யுகேந்திரனுக்கு முதலில் தோன்றியது. அப்புறம் பொறாமை வந்தது. அந்த முப்பது பேர் மேல் பச்சைப் பொறாமை. பதினோராயிரம் பேருக்குக் கதை சொல்கிறோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்த மனிதருக்கு, தன் வீட்டில் இருந்த கதைசொல்லி யார் என்று இப்போதுதான் தெரிந்தது. வெட்கமாகவும் இருந்தது.

அவள் பார்ப்பதற்குள் திரும்பி வந்துவிட்டார். கன்னையா வாசலில் காத்திருந்தார்.

"நீங்க கொஞ்சம் மனசு மாறக்கூடாதா பாஸ்? நாளைக்கித்தான் கடைசி நாளு."

"எதுக்குக் கடைசி நாள்?"

கன்னையா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சூப்பர்வைசர் வேலைக்கி. மேனேஜர் ஃபாரம் குடுத்து ரெண்டு வாரமாச்சி. மலரக்கா இன்னும் எழுதித் தரல. வீட்டுக்காரருதான் விருந்துலயே எல்லார் முன்னாடியும் வேணாம்னுட்டாரே, இனி எப்படின்னு சொன்னாங்களாம்."

"நான் தமாஷுக்குச் சொன்னேன்."

"அது எங்களுக்கு எப்படித் தெரியும் பாஸ்?" என்றார் கன்னையா. மரியாதையாகத்தான் சொன்னார்.

காரில் வந்து உட்கார்ந்து ஐம்பத்தெட்டாவது படத்தைத் திறந்தார். தொள்ளாயிரம் சிரிப்பு முகங்களுக்கு மேலே, மேசையின் இந்தப் பக்கம் தொப்பை, அந்தப் பக்கம் மேனேஜர், நடுவில் கொண்டை. கொண்டையின் வலது கை கொஞ்சம் மேலே தூக்கியிருந்தது. யாராவது பேச வாயெடுக்கும்போது தூக்குவார்களே, அந்த மாதிரி. கை விஷயத்தில் அவர் பிசகியதே இல்லை. அன்றைக்கு அதைப் பார்த்திருக்கிறார், பார்த்ததைச் சரியாக வரைந்தும் இருக்கிறார். அதற்கு மேலேயே தன் வசனத்தை எழுதியிருக்கிறார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இவர் தன் முதுகைத் தானே வரைந்து ஊருக்கெல்லாம் காட்டியிருந்தார்.

ஐந்தரைக்கு மலர் வந்து ஏறினாள். கேன்டீனில் பார்த்த முகம் கதவைச் சாத்தியதும் அடங்கிப்போனதை அவர் கவனித்தார். இன்ஜினைப் போடவில்லை.

"மலரு, அன்னிக்கி விருந்துல மேனேஜர் கேட்டாருல்ல. நீ என்னா சொல்ல வந்த?"

"அதான் நீங்க சொல்லிட்டீங்களே."

"நான் சொன்னது எனக்குத் தெரியும். நீ சொல்ல வந்தது என்னா?"

அவள் மடியில் இருந்த கைப்பையைப் பிடித்துக்கொண்டாள். வாக்குமூலம் வாங்குகிறவர்களுக்கு முதல் பாடம், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வது. சாட்சி யோசிக்கும்போது நாமே எடுத்துக் கொடுத்துவிட்டால் அது நம் வாக்குமூலமாகிவிடும். ஊரில் உள்ள லோரிக்காரர்களிடமெல்லாம் கடைப்பிடித்ததை யுகேந்திரன் முதல் முறையாகத் தன் காருக்குள் கடைப்பிடித்தார். பின்னால் ஒருவர் ஹார்ன் அடித்தார். மூன்று தடவை நாக்கு நுனி வரைக்கும் வார்த்தை வந்தது. மூன்று தடவையும் விழுங்கினார். சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

இருக்கையில் கிடந்த படிவக் கட்டை எடுத்து, ஒரு தாளின் பின்பக்கத்தில் நடுவில் கொண்டையையும், பழக்க தோஷத்தில் ஓரமாகத் தொப்பையையும் வரைந்தார். கொண்டையின் தலைக்குப் பக்கத்தில் வசனத்துக்காக ஒரு வட்டம் போட்டு, பேனாவோடு அவளிடம் நீட்டினார். மலர் தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"இதுல எப்படிங்க அடங்கும்?"

அவர் தாளை வாங்கி, ஓரத்தில் நின்ற தொப்பையின் தலையில் குறுக்குக் கோடு போட்டு அடித்துவிட்டு, வட்டத்தைத் தாளின் விளிம்பு வரைக்கும் பெரிதாக்கிக் கொடுத்தார். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டாள். எழுதவில்லை, பேச ஆரம்பித்தாள்.

"சரின்னு சொல்ல வந்தேன்" என்றாள். "ஆனா சும்மா சரின்னு இல்ல. புது லைன்ல எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே வேல. நாற்காலி போட்டா வர்றேன்னு கேக்கலாம்னு இருந்தேன். சுஷ்மிதான்னு ஒரு நேப்பாளிப் புள்ள, இருவது வயசு, முட்டி வீங்கிக் கெடக்குது. அப்புறம் யாருக்கு எந்த ஷிஃப்ட்டுன்னு ஒரு மாசத்துக்கு முன்னாடியே எழுதி ஒட்டணும். பிள்ளைங்க வச்சிருக்கறவங்க எத்தன பேரு தெரியுமா, மொத நாளு சாயங்காலம் வந்து சொன்னா எங்கங்க போவாங்க? இதெல்லாம் நான் ரெண்டு வருசமா யோசிச்சி வச்சிருக்கேன்..."

முகம் மாறிக்கொண்டே வந்தது. வலது கை மேலே எழுந்தது. யுகேந்திரனுக்குப் பெருமையும் குற்ற உணர்ச்சியும் சேர்ந்தே வந்தன. இவ்வளவு காலம் இதைக் கேட்காமல் ஏர்கானைப் பற்றிப் பேசியிருக்கிறோமே என்று அழுகை வரும்போல இருந்தது. இதற்கு ஏதாவது செய்தாக வேண்டும், உடனே செய்தாக வேண்டும்.

"ஒன்னும் கவலப்படாத மலரு" என்றார். "நாளைக்கிக் காலையில நானே உள்ள வந்து மேனேஜர்கிட்ட..."

"இருங்க" என்றாள் மலர். "நான் இன்னும் முடிக்கல."